லண்டன் தேநீர் விருந்துக்குச் சர்க்கரை நோயாளியை அழைத்துப் போகலாமா?

கொங்குப் பகுதியிலிருந்து 59 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவருடைய கணவருக்கு 66 வயது. 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலை உணவையொட்டி கிளிமிபிரைடு. இன்சுலின் இல்லை. கடைசியாகப் பார்த்த மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.6 சதவீதம். ஜூன் மாதம் இருவரும் மகளைப் பார்க்க லண்டன் போகிறார்கள். இறங்கிய மறுநாள் அவர்களுடைய திருமண நாள். பெரிய ஹோட்டல் ஒன்றில், ஆங்கிலேயர் பாணியில் மூன்று அடுக்குத் தட்டோடு பரிமாறும் ‘ஆஃப்டர்நூன் டீ’க்கு அழைத்துப்போக மகள் ஆசைப்படுகிறாள். “மற்றவர்கள் கேக் தின்பதைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு ஆயிரக்கணக்கில் செலவா?” என்று கணவர் முறுக்கிக்கொள்கிறார். வாசகி ஒரு வழி யோசித்திருக்கிறார்: அன்று காலையும் மதியமும் கணவர் எதுவும் சாப்பிடாமல் இருந்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு ஒரு மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போவது. இது சரியா, எந்த இடத்துக்குப் போகலாம், டை கட்ட வேண்டுமாமே, இருவரும் சைவம், கணவர் முட்டையும் தொடமாட்டார், அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

போகலாம். தாராளமாகப் போகலாம். கேக்கைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்து நான் கவலைப்படவில்லை. பட்டினியையும் கூடுதல் மாத்திரையையும் பற்றி எழுதிய இரண்டு வரிகளில்தான் நின்றுவிட்டேன். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பட்டினியும் வேண்டாம், கூடுதல் மாத்திரையும் வேண்டாம்

உங்கள் கணவர் எடுக்கும் இரண்டு மருந்துகளும் ஒரே குணமுடையவை அல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு அப்படி இல்லை. சாப்பாடு வந்ததா, வரவில்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு மாலை நான்கு மணிவரை வெறும் வயிற்றோடு லண்டன் தெருக்களில் நடந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிட வாய்ப்பு உண்டு. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். வயது 60-ஐத் தாண்டியவர்களுக்கும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அதன் மேல் இன்னொரு மாத்திரை என்றால், விருந்து மருத்துவமனையில் போய் முடியலாம்.

“கல்யாணத்துக்குப் போகும்போது ஒரு மாத்திரை சேர்த்துப் போட்டுக்கொள்வேன் டாக்டர்” என்று என்னிடம் பெருமையாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். மாத்திரைக்கும் லட்டுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. அன்று காலை வழக்கமான நேரத்தில், வழக்கமான அளவு மாத்திரை. அதோடு வழக்கத்தைவிடச் சற்றே எளிமையான காலை உணவு. அவ்வளவுதான்.

தேநீர் என்பது பெயர், வருவது ஒரு வேளைச் சாப்பாடு

நம் வீட்டு நாலு மணித் தேநீரையும் இரண்டு பிஸ்கட்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் எழுதியிருப்பது தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே இது ஒரு இடைவேளை என்றுதான் நினைக்கிறீர்கள். தொடங்கியபோது அது அப்படித்தான் இருந்தது. 1840-ஐ ஒட்டிய காலத்தில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா, மதிய உணவுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் இடையே வயிறு கிள்ளுவதைத் தாங்காமல் அறைக்குத் தேநீரும் ரொட்டியும் வரவழைத்துக்கொண்டார் என்பார்கள். பிறகு தோழிகளை அழைத்தார், அது பிரபுக்கள் வீட்டு வழக்கமாகி, ஹோட்டல்களுக்கு வந்து சேர்ந்தது.

இன்றைக்கு உங்கள் மேசைக்கு வருவதைப் பாருங்கள். கீழ்த்தட்டில் ஓரம் நறுக்கிய விரல் நீளச் சாண்ட்விச்சுகள் நான்கைந்து. நடுவில் ஸ்கோன் என்ற மெத்தென்ற ரொட்டி இரண்டு, கூடவே ஜாமும் கட்டிப்பட்ட பாலேடும். மேல்தட்டில் சின்னச் சின்னக் கேக்குகள் மூன்று நான்கு. முழுவதையும் ஒருவர் சாப்பிட்டால் மாவுச்சத்து ஏறத்தாழ 150 கிராம் உள்ளே போகும். நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு இட்லிக்கு மேல். போதாக்குறைக்கு, பல பெரிய இடங்களில் சாண்ட்விச்சும் ஸ்கோனும் தீரத் தீர இலவசமாகவே கொண்டுவந்து வைப்பார்கள்.

எனவே அதை அன்றைய மதியச் சாப்பாடாக மாற்றிவிடுங்கள். மாலைதான் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. லண்டனின் பெயர்பெற்ற இடங்கள் பலவற்றில் நண்பகலை ஒட்டியே தொடங்கிவிடுகிறார்கள். 12 மணி வாக்கில் உட்கார்ந்தால் காலை உணவுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளிதான். மாலையில் ஒரு சிறு சிற்றுண்டி, இரவு எட்டு மணிக்குள் காய்கறியும் பருப்புமாக இலேசான உணவு. ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். வெளிச்சத்தைப் பார்த்து இன்னும் மாலைதானே என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இது.

இன்னொன்று, இறங்கிய மறுநாள் வேண்டாம். அப்போது லண்டன் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும். போகும் நாளே அவ்வளவு நீண்டுவிடும், தூக்கம் கெடும், பசி நேரம் தடுமாறும். சர்க்கரை எப்படி நடந்துகொள்ளும் என்று முதல் இரண்டு மூன்று நாட்கள் பார்த்துவிட்டுப் போவது நல்லது. திருமண நாளைச் சில நாள் தள்ளிக் கொண்டாடினால் குற்றமில்லை. வார நாள் என்றால் இடம் கிடைப்பதும் எளிது.

எங்கே போவது?

மருத்துவரிடம் ஹோட்டல் கேட்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் நான் அந்த ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன், அதனால் எனக்கும் கருத்து உண்டு.

எல்லோரும் முதலில் சொல்வது பிக்காடிலியில் இருக்கும் ரிட்ஸ். 1906-இல் திறந்த ஹோட்டல். அதன் ‘பாம் கோர்ட்’ கூடத்தில் காலை 11:30 முதல் இரவு 7:30 வரை அமர்வு அமர்வாகப் பரிமாறுவது வழக்கம். அந்த 11:30 அமர்வு உங்கள் கணவரின் மாத்திரைக்கென்றே வைத்ததுபோல் பொருந்தும். ஆனால் ஆண்கள் அங்கே கோட்டும் டையும் அணிந்தே ஆக வேண்டும், ஜீன்ஸும் விளையாட்டுக் காலணியும் கூடாது. உங்கள் காதில் விழுந்த டை விவகாரம் இந்த ஹோட்டலுடையது, லண்டன் முழுவதற்கும் பொருந்தாது. ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருப்பவருக்கு ஜூன் மாதம் டை மாட்டிவிடுவது நல்ல தொடக்கமாக எனக்குப் படவில்லை. உங்கள் பட்டுப்புடவை எந்த ஹோட்டலிலும் கம்பீரமாக உள்ளே போகும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அதே தெருவில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் இருக்கிறது. 1707-இல் தொடங்கிய மளிகைக் கடை. மளிகைக் கடை என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது, அரண்மனைக்குப் பொருள் கொடுத்த கடை. நான்காவது மாடியில் 2012-இல் எலிசபெத் அரசி வந்து திறந்துவைத்த தேநீர்க் கூடம். மேசைகள் தள்ளித் தள்ளி இருக்கும், பியானோ ஒலிக்கும், அவசரப்படுத்தமாட்டார்கள். மகளின் ஆசை நிறைவேற வேண்டும், கணவர் கழுத்தும் தப்ப வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்கு. போர்ட்லண்ட் பிளேசில் 1865-இல் திறந்த லாங்கம் ஹோட்டலும், 1837-இலிருந்து நடக்கும் பிரவுன்ஸ் ஹோட்டலும் இதே வரிசையில் வருபவை. பிரவுன்ஸ் இன்னும் அமைதி, வீட்டு வரவேற்பறைபோல் மரப்பலகைச் சுவர்கள். இந்த வகை இடங்களில் தலைக்கு 70 பவுண்டுக்குக் குறைவாக எதிர்பார்க்காதீர்கள். பில்லில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேர்ந்து வரும். அது விருப்பக் கட்டணம் என்றே அச்சிட்டிருப்பார்கள், சேவை பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முன்பதிவுக்கு அட்டை விவரம் கேட்பார்கள், ஓரிரு நாள் முன்னதாகச் சொல்லாமல் ரத்து செய்தால் பணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். நிபந்தனையை மகள் படித்துவிட்டுப் பதியட்டும்.

இந்தப் பெரிய இடங்களில் ஒரு சிக்கல், பெரும்பாலும் உட்காரும் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு முழுச் செட் வாங்க வேண்டியிருக்கும். கணவர் சொல்லும் ‘வேடிக்கை பார்க்கப் பணமா’ என்ற வாதத்துக்கு இங்கேதான் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அவர் பாதியைத் தொடமாட்டார், பணமோ முழுசு. மிச்சத்தைப் பெட்டியில் கட்டித் தரச் சொல்லலாம், பல இடங்களில் மறுப்பதில்லை, கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும் என்றால் வேறு இரண்டு இடங்கள். ரிட்ஸுக்குப் பக்கத்திலேயே தி வுல்ஸ்லி என்ற உணவகம். 1921-இல் கார் விற்பனைக் கூடமாகக் கட்டிய, கறுப்புத் தூண்களும் உயர்ந்த வளைவுகளும் கொண்ட கட்டடம். அங்கே முழு விருந்து வேண்டாம் என்றால் ‘கிரீம் டீ’ மட்டும், அதாவது தேநீர், ஸ்கோன், ஜாம், பாலேடு மட்டும் கேட்கலாம். இன்னொன்று, தெற்கு கென்சிங்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் உணவகம். அருங்காட்சியகத்துக்குள் உணவகம் என்ற ஏற்பாடே உலகில் முதலில் அங்கேதான் வந்தது என்கிறார்கள். ஓடு பதித்த தூண்களும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுமாக 1860-களின் அறைகள். வரிசையில் நின்று, ஒரு ஸ்கோன், ஒரு குடுவைத் தேநீர் என்று தட்டில் எடுத்துக்கொண்டு போய் உட்காரலாம். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

சர்க்கரை மருத்துவனாக எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான். காரணம் சாப்பாட்டில் இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் கால்மணி நேரம் நடக்கச் சொன்னால் எவரும் கேட்பதில்லை. இங்கே சொல்லவே வேண்டாம். ஆங்கிலச் சிப்பாய் மேல் பாய்ந்திருக்கும் திப்பு சுல்தானின் மரப்புலி ஒரு கூடத்தில் நிற்கிறது, அதைத் தேடிப் போகும்போதே நடை முடிந்துவிடும். பிக்காடிலிப் பக்கம் போனால் கிரீன் பார்க் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே நடங்கள்.

‘வெஜிடேரியன்’ என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது

பிரிட்டனில் வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. அடுத்த எச்சரிக்கை, நுரைபோல் இருக்கும் மூஸ் வகைகளிலும் ஜெல்லியிலும் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் புரதமான ஜெலட்டின் இருக்கலாம். பார்மேசான் போன்ற சில பாலாடைக்கட்டிகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கிறார்கள்.

இங்கே சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் எந்தெந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்று வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது அங்கே உணவகங்களின் சட்டக் கடமை. அந்தப் பட்டியலில் முட்டை உண்டு. ஆகவே “இந்த ஸ்கோனில் முட்டை இருக்கிறதா?” என்று கேட்டால் ‘தெரியாது’ என்று அவர்கள் கைவிரிக்க முடியாது. ஆனால் ஜெலட்டின் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. கணவருக்கு ‘வீகன்’ செட், அதாவது பால், முட்டை உள்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராதது. உங்களுக்கு வெஜிடேரியன் செட். கேக்கில் முட்டை இருந்தால் உங்களுக்குப் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீகன் செட்டில் முட்டை, ஜெலட்டின் தொல்லை இரண்டும் ஒழியும். அதில் பாலேடு வராது, உங்கள் கிண்ணத்திலிருந்து அவர் எடுத்துக்கொள்ளட்டும். சமையலறை ஒன்றுதான், பாத்திரம் தனி என்று எதிர்பார்க்க முடியாது. கணவர் அதில் கண்டிப்பானவர் என்றால் இப்போதே பேசி முடிவெடுங்கள், மேசையில் உட்கார்ந்துகொண்டு வேண்டாம். எதுவானாலும் முன்பதிவின்போதே மகள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேசையில்

மேல்தட்டை ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றும். கீழிருந்து மேலே போங்கள், அங்கத்திய முறையும் அதுதான். சாண்ட்விச் மூன்று, பாதி ஸ்கோன், பிடித்த கேக் ஒன்று என்று எடுத்தால் மாவுச்சத்து 60 கிராமை ஒட்டி நிற்கும். நம் மதியச் சாப்பாட்டில் அதற்கு மேலேயே போகிறது. பழுப்பு ரொட்டி என்றால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்பது தவறான நம்பிக்கை, முழுத்தானிய ரொட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. சர்க்கரையை ஏற்றுவது பாலேட்டைவிட ஜாம். ஆகவே ஜாமைப் பெயருக்குத் தொட்டுக்கொள்ளுங்கள், பாலேட்டை ஒரு கரண்டியோடு நிறுத்துங்கள். கொழுப்பு சேர்ந்த உணவு மெதுவாகச் செரிப்பதால் சர்க்கரை உச்சம் தாமதமாக வரலாம். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடாமல், நான்கு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். 200-ஐத் தொட்டாலும் பதற வேண்டாம், ஒரு நாள் ஏற்றத்தால் மூன்று மாத சராசரி அசையாது.

தேநீரில் தயக்கமே வேண்டாம். கொதிக்கவைத்த நம் தேநீர்போல் இருக்காது. குடுவையில் சாறு இறங்கியபின் வடித்து ஊற்றி, பாலைத் தனியாகத் தருவார்கள். நமக்குப் பழகிய கடுமைக்கு அசாம்தான் கிட்டத்தில் வரும். டார்ஜிலிங்கைப் பால் இல்லாமல் குடியுங்கள். பட்டியலில் சிலோன் தேநீரும் இருக்கும், சில இடங்களில் உங்கள் தலைக்கு மேலே விளையும் நீலகிரியும் இருக்கும். 1867-இல் லூல்கந்துராவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கியதிலிருந்து இலங்கை மலைகளில் அந்த இலையைக் கிள்ளி இந்த மேசைகளுக்கு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிக் குடும்பங்கள். அதனால் அந்தக் கூடத்தில் நாம் யாரோ என்று உங்கள் கணவர் ஒதுங்க வேண்டியதில்லை.

கை நடுங்கினால், வியர்த்தால் கேக்கை நீட்டாதீர்கள். கொழுப்பு இருப்பதால் அது தாமதமாகத்தான் வேலை செய்யும். மேசையில் இருக்கும் சர்க்கரைக் கட்டிகள் நான்கைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள்.

உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கடிதம் முழுக்க “நான் விடமாட்டேன்”, “நான் தடுத்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். 14 ஆண்டுகள் அவரைக் காத்தவர் என்ற உரிமை உங்களுக்கு இருக்கிறது. ஆனால் அவர் முறுக்கிக்கொள்வது பணத்துக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. மகள் முன்னால், வெள்ளைக்காரப் பரிசாரகர் முன்னால், தட்டிலிருந்து கை தட்டிவிடப்படும் என்று அஞ்சுகிறார். எத்தனை சாண்ட்விச், எந்தக் கேக் என்று முந்தின நாளே அவரே முடிவு செய்யட்டும். மேசைக்கு வந்தபின் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவர் ஒன்று கூடுதலாக எடுத்தாலும்கூட.

விமானம் ஏறுமுன்

உங்கள் மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையைப் புதிதாக எடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு, நிறைய நடக்கப்போகும் நாட்களுக்குக் கிளிமிபிரைடு அளவைக் குறைக்க வேண்டுமா என்று அவர்தான் சொல்ல முடியும். மாத்திரைகளும் சோதனைக் கருவியும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். நேர வித்தியாசத்துக்காகக் கூடுதல் வேளை எதுவும் வேண்டாம், இறங்கிய பிறகு லண்டன் காலை உணவோடு வழக்கமான மாத்திரை. அங்கே சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். அதை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு. அவர்கள் 4 என்றால் நமக்கு 72, உடனே சாப்பிட வேண்டிய எல்லை.

பயணக் காப்பீட்டில் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடும் என்று சிலர் மறைப்பதுண்டு. அங்கே அவசரப் பிரிவில் தரும் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், உள்நோயாளியாகச் சேர்த்துவிட்டால் சுற்றுலாப் பயணியிடம் வசூலிப்பார்கள். மறைத்த நோய்க்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது, அந்தச் செலவு மகள் தலையில்தான் விழும்.